நுண்ணுயிர் எதிர்ப்பிகளும் சிறுநீரகப் பாதுகாப்பும்: ஒரு வரலாறு

ஆன்டிபயாட்டிக் என்று பரவலாக வழங்கப்படும் நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகள் இருபதாம் நூற்றாண்டில் எண்ணற்ற உயிர்களைக் காத்தன. அவற்றுள் சில, தொற்றைத் தீர்க்கும்போதே நோயாளியின் சிறுநீரகத்தைச் சேதப்படுத்தவும் செய்தன. இச்சேதத்தைத் தடுக்க மருத்துவர்களும் மருந்தியல் அறிஞர்களும் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளாக எடுத்துவரும் முயற்சிகளின் வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

இவ்வரலாறு முழுவதும் இரண்டு அச்சங்கள் உடன்வருகின்றன. மருந்து மிகுந்தால் சிறுநீரகம் கெடும் என்பது ஒன்று. மருந்து குறைந்தால் தொற்று வெல்லும், கிருமிகளும் மருந்துக்குப் பழகிவிடும் என்பது மற்றொன்று. ஆபத்தான மருந்துகளைக் கைவிட்டதால் மட்டும் இச்சிக்கல் தீரவில்லை. ஒவ்வொரு மருந்தையும் சிறுநீரகம் எவ்வாறு கையாளுகிறது என்று அறிந்து, அதற்கேற்பக் கொடுக்கும் முறையை மாற்றியபோதே பாதுகாப்பு வளர்ந்தது.

சிறுநீரகம் எளிதில் பாதிக்கப்படுவது ஏன்?

உடல் ஓய்வில் இருக்கும்போது இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. ஆகவே குருதியில் கலந்த எந்த மருந்தும் அங்கே மிகுதியாக வந்து சேரும். சிறுநீரகங்கள் நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி மீண்டும் உறிஞ்சப்பட்டு, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. நீர் திரும்ப உறிஞ்சப்பட்டு மருந்து மட்டும் நுண்குழலுக்குள் தங்கினால், அதன் செறிவு பன்மடங்கு உயரும்.

மருந்துகள் சிறுநீரகத்தை முக்கியமாக மூன்று வழிகளில் தாக்குகின்றன. சில மருந்துகள் படிகமாகி நுண்குழல்களை அடைக்கின்றன. சில, நுண்குழலின் உட்சுவர்ச் செல்களுக்குள் புகுந்து அவற்றைக் கொல்கின்றன. வேறு சில, ஒவ்வாமையைத் தூண்டிச் சிறுநீரகத் திசுவில் அழற்சியை உண்டாக்குகின்றன. வழி வேறானால் பாதுகாக்கும் முறையும் வேறாகும். இந்த வேறுபாடு ஒரே நாளில் தெளிவாகவில்லை.

சல்ஃபா மருந்துகளும் படிகங்களும்

பாக்டீரியத் தொற்றுக்குப் பரவலாகப் பயன்பட்ட முதல் மருந்துகள் சல்ஃபா வகையைச் சேர்ந்தவை. இவை நுண்ணுயிரிகளிலிருந்து பெறப்பட்டவை அல்ல. வேதியியல் கூடங்களில் உருவானவை. ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் பணியாற்றிய கெர்ஹார்ட் டோமாக், பிரான்டோசில் என்னும் சிவப்புச் சாயப்பொருளின் ஆற்றலை 1935இல் வெளியிட்டார். அதன் செயல்படும் பகுதி சல்ஃபனிலமைடு என்பது அதே ஆண்டில் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் கண்டறியப்பட்டது.

1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடை இனிப்பான திரவ மருந்தாக்க முயன்ற ஒரு நிறுவனம், டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் கரைப்பானைப் பயன்படுத்தியது. அதைக் குடித்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிறுநீரகச் செயலிழப்பே முதன்மைக் காரணம். இது சல்ஃபா மருந்தின் நச்சுத்தன்மையால் நேர்ந்ததன்று; கரைப்பானால் நேர்ந்தது. எனினும், விற்பனைக்கு முன் மருந்தின் பாதுகாப்பை மெய்ப்பிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கிய 1938ஆம் ஆண்டின் அமெரிக்க உணவு, மருந்து, அழகுப்பொருள் சட்டத்துக்கு இந்நிகழ்வே வழிவகுத்தது.

சல்ஃபா மருந்துகளுக்கே உரிய ஆபத்து அடுத்து வெளிப்பட்டது. சல்ஃபாபிரிடின், சல்ஃபாதயசோல் போன்றவை அமிலத்தன்மையுள்ள சிறுநீரில் எளிதில் கரைவதில்லை. கல்லீரல் இவற்றை மாற்றி உருவாக்கும் அசிட்டைல் வடிவங்களில் சில இன்னும் குறைவாகவே கரையும். இதனால் நுண்குழல்களிலும் சிறுநீர்க்குழாய்களிலும் கூரிய படிகங்கள் தோன்றின. சிறுநீரில் குருதி கலந்தது. சிலருக்குச் சிறுநீர் முற்றிலும் நின்றுபோனது.

தீர்வு எளிய வேதியியலிலிருந்து வந்தது. நோயாளி நிறைய நீர் அருந்தினால் மருந்தின் செறிவு குறையும். சோடியம் பைகார்பனேட்டு கொடுத்துச் சிறுநீரைக் காரத்தன்மையாக்கினால் மருந்து கூடுதலாகக் கரையும். மூன்றாவது வழியை 1940களில் டேவிட் லேர் ஆய்ந்து விளக்கினார். ஒரே நீரில் இருந்தாலும் வெவ்வேறு சல்ஃபா மருந்துகள் ஒன்றின் கரைதிறனை மற்றொன்று பாதிக்காமல் தனித்தனியாகக் கரைகின்றன. ஆகவே ஒரு மருந்தை முழு அளவில் கொடுக்காமல் மூன்று மருந்துகளை மூன்றில் ஒரு பங்காகக் கலந்து கொடுத்தால், கிருமிகளின் மீதான மொத்த ஆற்றல் குறையாது. எதுவும் படிகமாகும் அளவை எட்டாது. மருந்தைக் கைவிடாமல் சிறுநீரகத்தைக் காத்த முதல் முறைகள் இவை.

பெனிசிலினும் சிறுநீரகத்தின் வாயில்களும்

1941 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டு நகரில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்குப் பெனிசிலின் ஊசி போடப்பட்டது. அவர் தேறத் தொடங்கினார். ஆனால் மருந்தின் பெரும்பகுதி சில மணி நேரத்திலேயே சிறுநீரில் வெளியேறியது. அச்சிறுநீரைச் சேகரித்து, பெனிசிலினை மீண்டும் பிரித்தெடுத்து அவருக்கே செலுத்தினர். இருந்தும் கையிருப்பு தீர்ந்துபோக, மார்ச் மாதத்தில் அவர் இறந்தார்.

வடிகட்டுதலால் மட்டும் மருந்து இவ்வளவு விரைவாக வெளியேற முடியாது. நுண்குழல் செல்களில் உள்ள கடத்திகள் பெனிசிலினைக் குருதியிலிருந்து இழுத்துச் சிறுநீரில் தள்ளுகின்றன. இக்கடத்திகளைத் தடுத்து, அரிய மருந்தை உடலில் நெடுநேரம் தங்கவைக்க உருவாக்கப்பட்டதே புரோபெனெசிட். பெனிசிலின் மலிவானபின் இத்தேவை குறைந்தது. ஆனால் அந்த அறிவு வேறிடத்தில் பயன்பட்டது.

1960களில் வந்த செஃபலோரிடின், உயர்ந்த அளவில் நுண்குழல் செல்களைக் கொன்றது. குருதிப் பக்கமிருந்து கடத்திகள் இம்மருந்தைச் செல்லுக்குள் இழுக்கின்றன. மறுபக்கத்தில் அது எளிதில் வெளியேறுவதில்லை. உள்ளே சேர்ந்த மருந்து செல்லை அழிக்கிறது. விலங்குகளுக்கு முன்கூட்டியே புரோபெனெசிட் கொடுத்து அவ்வாயிலை அடைத்தபோது சேதம் பெரிதும் தடுக்கப்பட்டது. குருதியில் மருந்து இருப்பதால் மட்டும் செல் சாவதில்லை, செல்லுக்குள் புகுவதால்தான் சாகிறது என்பது இதனால் உறுதியாயிற்று. பாதுகாப்பான செஃபலோஸ்போரின்கள் வந்தபின் செஃபலோரிடின் வழக்கொழிந்தது.

1960ஆம் ஆண்டையொட்டி அறிமுகமான மெத்திசிலின் மற்றொரு பாடத்தைக் கற்பித்தது. இதைப் பெற்ற சிலருக்குக் காய்ச்சல், தோல் தடிப்பு ஆகியவற்றோடு சிறுநீரகத் திசுவில் அழற்சியும் தோன்றியது. இது ஒவ்வாமை வகையைச் சேர்ந்தது. மருந்தின் அளவைக் குறைத்து இதைத் தடுக்க முடியாது. மருந்தை உடனே நிறுத்துவதே முதல் சிகிச்சை. மெத்திசிலின் பின்னர்ப் பயன்பாட்டிலிருந்து விலக, அதே வேலையைச் செய்யும் பிற பெனிசிலின்கள் அதனிடத்தைப் பிடித்தன.

மண்ணிலிருந்து கிடைத்த மருந்துகள்

1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் ஷாட்ஸ், மண்வாழ் நுண்ணுயிரியிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்தார். காசநோய்க்குக் கிடைத்த முதல் ஆற்றல்மிக்க மருந்து இது. அமினோகிளைகோசைடு என்னும் குடும்பம் இதிலிருந்து தொடங்குகிறது. 1949இல் அதே ஆய்வகத்திலிருந்து வந்த நியோமைசின், ஊசியாகச் செலுத்தியபோது சிறுநீரகத்தையும் செவியையும் கடுமையாகப் பாதித்தது. அதனால் அது பெரும்பாலும் தோலில் பூசும் மருந்தாகவும், குடலைத் தாண்டி அதிகம் உட்செல்லாத வாய்வழி மருந்தாகவும் சுருங்கியது.

1963இல் அறிவிக்கப்பட்ட ஜெண்டாமைசின், சூடோமோனாஸ் போன்ற எளிதில் அடங்காத பாக்டீரியங்களையும் கொன்றது. மருத்துவமனைகளில் குருதித்தொற்று கண்டவர்களுக்கு அது இன்றியமையாத மருந்தாயிற்று. ஆனால் பல நாள்கள் அதைப் பெற்றவர்களில் பத்தில் ஒருவர் முதல் நான்கில் ஒருவர் வரை சிறுநீரகப் பாதிப்புக்கு உள்ளானதாகப் பல ஆய்வுகள் காட்டின. பாதிப்பு பொதுவாக ஐந்து முதல் ஏழு நாள்களுக்குப் பின்னரே தெரியவரும். சிறுநீரின் அளவு குறையாமல் இருப்பதும் உண்டு. அதனால் கவனிக்கத் தவறுவது எளிது. நல்வாய்ப்பாக, நுண்குழல் செல்கள் மீண்டும் வளரக்கூடியவை. உரிய நேரத்தில் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானோர் தேறினர்.

கணக்கிடுதலும் அளத்தலும்

சிறுநீரகம் மெதுவாக இயங்குபவருக்கு வழக்கமான அளவில் மருந்து கொடுத்தால், முந்தைய மருந்து வெளியேறும் முன்பே அடுத்தது வந்து சேரும். இந்தத் தேக்கத்தைத் தவிர்க்க முதலில் சிறுநீரகத்தின் திறனை அறிய வேண்டும். 1976இல் கனடாவைச் சேர்ந்த டொனால்டு காக்கிராஃப்ட், ஹென்றி கோல்ட் ஆகியோர் எளிய வாய்பாடு ஒன்றை வெளியிட்டனர். 140இலிருந்து வயதைக் கழித்து, உடல் எடையால் பெருக்கி, குருதிக் கிரியேட்டினின் அளவை 72ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். பெண்களுக்கு விடையை 0.85ஆல் பெருக்க வேண்டும்.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 25 வயது, 65 கிலோ எடையுள்ள ஆணுக்கும், 75 வயது, 50 கிலோ எடையுள்ள ஆணுக்கும் கிரியேட்டினின் ஒரே அளவாக, டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று இருப்பதாகக் கொள்வோம். இருவரின் ஆய்வறிக்கையிலும் அது இயல்பான அளவே. ஆனால் வாய்பாட்டின்படி இளைஞரின் சிறுநீரகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 104 மில்லிலிட்டர் குருதிநீரைத் தூய்மைப்படுத்துகிறது. முதியவருடையது ஏறத்தாழ 45 மில்லிலிட்டர் மட்டுமே. தசை குறைந்த முதியவரின் உடல் கிரியேட்டினினைக் குறைவாகவே உண்டாக்குவதால், தளர்ந்த சிறுநீரகமும் நலமானதுபோலத் தோன்றுகிறது. இருவருக்கும் ஒரே அளவில் ஜெண்டாமைசின் கொடுப்பது முதியவருக்கு ஆபத்தாகும்.

1970களிலிருந்து குருதியில் உள்ள மருந்தின் அளவையே நேரடியாக அளக்கும் ஆய்வுகளும் பரவின. அடுத்த ஊசிக்குச் சற்று முன்பு எஞ்சியிருக்கும் அளவு, ஜெண்டாமைசினுக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது வழக்கமாயிற்று. ஊகம் என்ற நிலை மாறி, கொடுத்த மருந்து என்ன ஆயிற்று என்று பார்த்து அடுத்த அளவை முடிவுசெய்யும் காலம் தொடங்கியது.

நாளுக்கு மூன்று ஊசியா, ஒன்றா?

அமினோகிளைகோசைடுகளை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுசிறு அளவாகக் கொடுப்பதே தொடக்கத்தில் இருந்த வழக்கம். ஒரே நேரத்தில் மிகுதியாகக் கொடுப்பது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று நினைப்பது இயல்பே. ஆய்வுகள் இதற்கு நேர்மாறான உண்மையைக் காட்டின.

நுண்குழல் செல்கள் இம்மருந்தை உள்வாங்கும் திறனுக்கு ஒரு வரம்பு உண்டு. குறுகிய வாசலின் முன் கூட்டம் மூன்று மடங்கானாலும் உள்ளே நுழைவோர் எண்ணிக்கை மூன்று மடங்காவதில்லை. மருந்து ஒரே வேளையில் உயர்ந்த செறிவில் வரும்போது செல்லுக்குள் புகுவது சிறு பங்கே. மிச்சம் சிறுநீரோடு போய்விடுகிறது. குறைந்த செறிவில் நாள் முழுதும் வந்துகொண்டே இருந்தால், வாசல் ஓயாமல் மருந்தை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். நோய் காரணமாகச் சிறுநீரகம் அகற்றப்படவிருந்தவர்களிடம் பெல்ஜியத்தில் நடத்தி 1989இல் வெளியிடப்பட்ட ஆய்வும் இதையே காட்டியது. ஒரே வேளையில் ஜெண்டாமைசின் பெற்றவர்களின் சிறுநீரகப் புறணியில், தொடர்ச்சியாகப் பெற்றவர்களைவிட மருந்து குறைவாகவே தேங்கியிருந்தது. மெகாலின் என்னும் ஏற்புப் புரதம் இம்மருந்துகளைப் பற்றி உள்ளிழுப்பது 1995இல் தெளிவாக்கப்பட்டது. உள்ளே சென்ற மருந்து, செல்லின் செரிமானப் பைகளான லைசோசோம்களில் சேர்ந்து அவற்றைச் சீர்குலைக்கிறது.

பாக்டீரியத்தின் பக்கமும் இதே முறைதான் சிறந்தது. அமினோகிளைகோசைடுகளின் கொல்திறன் செறிவு கூடக்கூட உயர்கிறது. மருந்து குறைந்த பின்னும் சில மணி நேரம் பாக்டீரியம் வளர இயலாமல் கிடக்கிறது. 1995இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனை, நாளொன்றுக்கு ஒருமுறை, கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்ற முறையில் மருந்து பெற்ற 2,184 பேரின் விவரங்களை வெளியிட்டது. அவர்களில் 1.2 விழுக்காட்டினருக்கே சிறுநீரகப் பாதிப்பு காணப்பட்டது. சிறுநீரகத் திறன் குறைந்தவர்களுக்கு வேளை அளவைக் குறைக்காமல் இடைவெளி 36 அல்லது 48 மணி நேரமாக நீட்டப்பட்டது. கிருமிகளுக்கு வலிமையான அடி, சிறுநீரகத்துக்கு நீண்ட ஓய்வு என்ற இரண்டும் ஒரே முறையில் கைகூடின.

ஊசி போடும் வேளையும் கருத்தில் கொள்ளப்பட்டது. 1997இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், நள்ளிரவுக்குப் பின் மருந்து பெற்றவர்களுக்குப் பகலில் பெற்றவர்களைவிடப் பாதிப்பு கூடுதலாக இருந்தது.

காவலுக்கு வந்த துணைமருந்து

சில வேளைகளில் பாதுகாப்பு மருந்துக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. கார்பபெனெம் வகையின் முதல் மருந்தான இமிபெனெம், சோதனைக்குழாயில் மிகுந்த ஆற்றலைக் காட்டியது. உடலிலோ, நுண்குழலில் உள்ள டீஹைட்ரோபெப்டிடேஸ் என்னும் நொதி அதைச் சிதைத்தது. இதனால் சிறுநீரில் மருந்தின் ஆற்றல் குறைந்தது. உயர்ந்த அளவில் கொடுத்த முயல்களுக்கு நுண்குழல் சேதமும் ஏற்பட்டது. மெர்க் நிறுவன ஆய்வாளர்கள் அந்நொதியைத் தடுக்கும் சிலாஸ்டாட்டின் என்ற சேர்மத்தை உருவாக்கினர். அது கிருமிகளைக் கொல்வதில்லை. இமிபெனெம் சிதையாமலும் நுண்குழல் கெடாமலும் காப்பதே அதன் பணி. இரண்டும் சேர்ந்த மருந்து 1985இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சிலாஸ்டாட்டின் வேறு சில மருந்துகளின் நச்சுத்தன்மையிலிருந்தும் சிறுநீரகத்தைக் காப்பதாகப் பின்னாளில் விலங்கு ஆய்வுகள் காட்டியதால், அதைப் பற்றிய ஆராய்ச்சி இன்னும் தொடர்கிறது.

வான்கோமைசின்: திருத்தப்பட்ட இலக்கு

போர்னியோவிலிருந்து வந்த மண்மாதிரியில் கிடைத்த நுண்ணுயிரி தந்த வான்கோமைசின், 1958இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. தொடக்ககால மருந்து பழுப்பு நிறமாக இருந்ததால் மிசிசிப்பிச் சேறு என்று கேலிப்பெயர் பெற்றது. அக்காலப் பாதிப்புகளுக்கு அதிலிருந்த மாசுகளும் காரணமாகக் கருதப்பட்டன. தூய்மை கூடியபோது பாதிப்பும் குறைந்தது. மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் பரவியதும் இம்மருந்தின் தேவை பெருகியது.

2009இல் அமெரிக்க வல்லுநர் குழுக்கள், கடுமையான தொற்றுகளில் அடுத்த வேளைக்கு முன் எஞ்சும் அளவு லிட்டருக்கு 15 முதல் 20 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தன. இந்த இலக்கை எட்ட அளவு கூட்டப்பட, சிறுநீரகப் பாதிப்பும் கூடியதாகத் தொடர்ந்து வந்த ஆய்வுகள் காட்டின. 2020இல் பரிந்துரை திருத்தப்பட்டது. ஒரு நேரத்து அளவுக்குப் பதிலாக, 24 மணி நேரத்தில் உடல் எதிர்கொள்ளும் மொத்த மருந்தைக் கணக்கிட்டு அதை 400க்கும் 600க்கும் இடையில் வைத்திருப்பதே இப்போதைய இலக்கு.

கோலிஸ்டினின் மறுவருகை

ஜப்பானில் 1950ஆம் ஆண்டையொட்டிக் கண்டறியப்பட்ட கோலிஸ்டின், சிறுநீரகத்தையும் நரம்புகளையும் பாதிப்பதாக அறியப்பட்டதால் 1970களில் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டது. பாதுகாப்பான மருந்துகள் இருந்தவரை அது யாருக்கும் தேவைப்படவில்லை. கார்பபெனெம்களுக்கும் அடங்காத பாக்டீரியங்கள் பரவியபோது, வேறு வழியின்றி மருத்துவர்கள் அதை மீண்டும் எடுத்தனர். இந்தியாவில் இச்சிக்கல் கூர்மையானது. மருந்து எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் வழிகளை வகுத்த சென்னைப் பிரகடனம் 2012இல் உருவானதற்கு இதுவே பின்னணி.

இடைப்பட்ட காலத்தில் கோலிஸ்டினைப் பற்றிய ஆய்வுகள் வளரவில்லை. சரியான அளவு எது என்பதே தெளிவின்றி இருந்தது. சில நாடுகளில் அது பன்னாட்டு அலகுகளிலும், சில நாடுகளில் மில்லிகிராமிலும் குறிக்கப்பட்டது. அந்த மில்லிகிராமும் ஓரிடத்தில் உப்பின் எடையையும் வேறிடத்தில் செயல்படும் மூலப்பொருளின் எடையையும் குறித்தது. இக்குழப்பத்தால் மிகை அளவு கொடுத்த தவறுகளும் நேர்ந்தன. அச்சத்தால் ஒதுக்கிய மருந்தை ஆராயாமலும் விட்டதன் விலை இது. 2019இல் இந்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் மீன்களுக்கும் கோலிஸ்டின் கொடுப்பதைத் தடைசெய்தது. கிருமிகள் அதற்கும் பழகிவிடாமல் காப்பது இதன் நோக்கம்.

இன்றைய நடைமுறை

இவ்வரலாற்றின் பாடங்கள் இன்று மருத்துவமனைகளில் ஒழுங்குமுறையாகிவிட்டன. மருந்து தொடங்கும் முன் சிறுநீரகத் திறன் கணக்கிடப்படுகிறது. உடலில் நீர் குறைந்திருந்தால் அது ஈடுசெய்யப்படுகிறது. சிறுநீரகத்தைத் தாக்கும் இரண்டு மருந்துகள் ஒருசேரக் கொடுப்பது இயன்றவரை தவிர்க்கப்படுகிறது. கிருமி இன்னது என்று தெரிந்ததும் குறைந்த ஆபத்துள்ள மருந்துக்கு மாறுவதும், தேவைக்கு மேல் ஒரு நாள்கூடக் கொடுக்காமல் நிறுத்துவதும் சிறந்த காப்புகள். கிரியேட்டினின் 48 மணி நேரத்துக்குள் 0.3 மில்லிகிராம் உயர்ந்தாலே திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பாகக் கொள்ள வேண்டும் என்பது 2012இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு வரையறை. ஆனால் கிரியேட்டினின் உயர்வது சேதம் தொடங்கிய பின்னரே. அதனினும் முன்னதாக எச்சரிக்கும் குறிகளைத் தேடும் ஆய்வுகள் நடைபெறுகின்றன.

வீடுகளுக்கும் இதில் பங்குண்டு. மிச்சமான பழைய மாத்திரைகளை வைத்திருந்து உண்பது தவறு. காலங்கடந்து சிதைந்த டெட்ராசைக்ளின் உண்டவர்களுக்கு நுண்குழல் பாதிப்பு நேர்ந்தது 1963இலேயே பதிவாகியுள்ளது. வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருக்கும்போது கடையில் வாங்கிய வலிமாத்திரைகளைச் சேர்த்து உண்பது சிறுநீரகத்தின் சுமையைக் கூட்டும். எனினும், சிறுநீரகத்துக்கு அஞ்சி மருத்துவர் குறித்த மருந்தைத் தாமே குறைப்பதும் நிறுத்துவதும் ஆபத்தே. கட்டுக்கடங்காத தொற்றும் சிறுநீரகத்தை அழிக்கவல்லது. முன்பு சிறுநீரகப் பாதிப்பு இருந்ததா, வேறு என்னென்ன மருந்துகள் உண்கிறோம், கடைசியாக எடுத்த கிரியேட்டினின் அளவு என்ன என்பவற்றை முதலிலேயே மருத்துவரிடம் தெரிவித்தால், மருந்தின் அளவையும் இடைவெளியையும் நோயாளிக்கு ஏற்றபடி முடிவுசெய்ய அவருக்கு உதவியாக இருக்கும்.